அடங்கின பால்

என் அத்தான், அதாவது என் ஒரே அக்காவின் கணவர், தன் சொந்தப் புதுவீட்டுக் குடிபூரலிலும் கமெராவுக்குப் பின்னால்தான் நின்றார். ஊரார் வீட்டுக் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று படம்பிடித்தே சீவித்த மனிதர். கையில் கமெரா இல்லாமல் ஒரு நல்ல காரியத்தில் எந்த மூலையில் நிற்பது என்று அவருக்குத் தெரியாது. தென் லண்டனில், மிச்சம் என்கிற ஊர்ப்பகுதியில், டிராம் போகிற சத்தம் பின்கதவில் கேட்கும் சிறிய வீடு அது. ஐயர் ஹோமம் வளர்த்து முடித்திருந்தார். புதுச்சட்டியில் பாலை ஊற்றிக் கரண்ட் அடுப்பில் வைத்துவிட்டு எல்லோரும் குசினிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அக்கா வயிற்றில் பிள்ளையோடு முன்னால் நின்றாள். பால் மெல்ல மெல்ல ஏறி விளிம்பைத் தொட்டது. எந்தப் பக்கம் வழியப்போகிறது என்று பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டினோம். அந்த நேரம் பார்த்து ஹோமப் புகை பட்டு மேலே இருந்த தீ அலாரம் கத்தத் தொடங்கியது. நாங்கள் மரியாதைக்கு அழைத்திருந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், பாவம், வீடு எரியப்போகிறது என்று நினைத்துப் பாய்ந்து வந்து சட்டியைத் தூக்கி அப்பால் வைத்தார். விளிம்பில் நின்ற பால் நடுவில் குழிந்து, சுருங்கி, சட்டிக்குள் இறங்கிவிட்டது. அத்தானின் கமெரா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பவும் வைத்தோம், திரும்பவும் காய்ந்தது, இந்த முறை நன்றாகவே பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஐயரும் அதொன்றும் குறையில்லை என்று சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டுதான் எல்லோருக்கும் பால் கொடுத்தாள். ஆனால் அந்தக் கோடை முடிவதற்குள் வயிற்றில் இருந்தது போய்விட்டது. பிறகும் இரண்டொரு தரம் வந்து தங்கவில்லை. வைத்தியர்கள் தங்களுக்குத் தெரிந்த காரணங்களைச் சொன்னார்கள். அக்காவுக்கு அவை ஒன்றும் தேவைப்படவில்லை. அவளிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது. அந்தப் பாலைப் பற்றி அவள் வாய் திறந்து பேசியதை நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் வீட்டில் பால் காய்ச்சும்போதெல்லாம் வழியும்வரை விட்டுவிடுவாள். அடுப்பைச் சுற்றி எப்போதும் கருகிய பால் வாடை இருக்கும். அத்தான் வேலையால் வந்து, சேர்ட் கையை மடித்துக்கொண்டு அடுப்பைத் துடைப்பார்.

அத்தான் இங்கே வருவதற்கு முன் ஜெர்மனியில் இருந்தவர். அங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் ஓரிடத்தில் வேலை பார்த்தபோது கணினியில் படம் கீறப் பழகியிருக்கிறார். லண்டனுக்கு வந்ததும் அந்தக் கீறல் வீடியோத் தொழிலுக்கு உதவியது. மயில் வந்து தோகை விரிக்க அதிலிருந்து மணமக்கள் பெயர் விரிவது, வெற்றிலை ஒன்று மடிந்து தாலியாவது, இப்படித் தொடக்கத்தில் ஓடும் சின்னச் சின்னப் படங்களுக்காகவே மோர்டனில் இருந்தும் நோர்பரியில் இருந்தும் அவரைத் தேடி வருவார்கள். படம் பார்க்கிறவர்கள் மயிலைப் பார்த்து ஆகா என்பார்கள். யார் கீறியது என்று கேட்டவரை நான் கண்டதில்லை. வீடியோவின் கடைசியில் மண்டபத்தின் பெயர் வரும், சாப்பாடு கொடுத்தவரின் பெயர் வரும், நகைக்கடையின் பெயர்கூட வரும். அத்தானின் பெயர் வராது. போட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அவையின்ரை கொண்டாட்டத்திலை என்ரை பேர் என்னத்துக்கு மச்சாள்" என்றார். ஆனால் கேட்டபோது அவர் முகம் கொஞ்சம் மாறியதை நான் பார்த்தேன். பெயர் வேண்டாத மனிதர் என்று அவரைப் பற்றி இப்போது பலரும் புகழ்ந்து சொல்கிறார்கள். அது சுத்தப் பொய். அவருக்குப் பெயர் வேண்டியிருந்தது. தருவார் இல்லை.

வாடிக்கையாளர்கள் தங்கள் படங்களைப் பார்ப்பதற்கென்று அவர் ஓர் இணையப்பக்கம் வைத்திருந்தார். பெரிய படங்கள், வரத் தாமதமாகும். அந்த நேரத்தில் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் எல்லோரும் அவருக்கு போன் எடுத்துப் பேசுவார்கள். அதனால் அந்த வட்டத்தின் இடத்தில் வைப்பதற்கு அவர் ஓர் அசையும் ஐகன் செய்தார். விரல்நுனி அளவில் ஒரு பால்சட்டி. பால் ஏறும், விளிம்பில் நின்று நடுங்கும், பிறகு யாரோ மெல்ல ஊதியதுபோல நடுவில் குழிந்து இறங்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். படம் வந்து சேர்ந்த கணத்தில் மட்டும் பொங்கி வழியும். அவ்வளவுதான். ஆனால் அந்த இறக்கத்தை அவர் கீறியிருந்த விதத்தை எப்படிச் சொல்வேன். ஒரு நுரைக்குமிழ் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மற்றவற்றுக்குப் பின்னால் தாமதமாக இறங்கும். அதைப் பார்த்தால் காத்திருப்பதில் எரிச்சல் வராது. இன்னொரு தடவை பார்க்கவேண்டும் போலிருக்கும். அதை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது. குடிபூரல் வீடியோவில் இருந்து அந்தத் துண்டை வெட்டி எறியச் சொல்லி அக்கா அன்றே கேட்டிருந்தாள். அவரும் வெட்டினார். எறியவில்லை போலும்.

அந்த நேரத்தில் நான் ஹோல்போர்ன் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். வடிவமைப்புகளைப் பதிந்து கொடுக்கிற அலுவலகம். நாற்காலி, போத்தல், சப்பாத்து என்று ஒன்றை முதலில் வடிவமைத்தவர் அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டால் இன்னொருவர் அதே தோற்றத்தில் செய்யமுடியாது. கணினி ஐகனும் அப்படித்தான்; அதையும் பதியலாம். அசையும் ஐகன் என்றால் ஒரு சிக்கல் உண்டு. அசைவை அசைவாகக் கொடுக்க விடமாட்டார்கள். ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி, சில நிலைகளை மட்டும் அசையாத படங்களாக எடுத்து, வரிசையாக வைத்துக் கொடுக்கவேண்டும். அந்த வரிசையில் என்ன இருக்கிறதோ அது உங்களுடையது. அதில் இல்லாதது காற்றோடு போனது. ஓடுகிற பிள்ளையைக் கட்டிவைத்துப் படம் எடுத்துவிட்டு, இதுதான் ஓட்டம் என்று சத்தியம் செய்வது மாதிரியான வேலை. இப்போது அசையும் படத்தையே கொடுக்க விடலாமா என்று யோசிக்கிறார்களாம். நல்லாய் யோசிக்கட்டும். அப்படிப் படங்களைச் சுத்தமாக்கி வரிசையில் வைத்துக் கொடுப்பதுதான் என் நாளாந்த வேலையாக இருந்தது. அத்தான் தன் ஐகனைப் பதியவேண்டும் என்று கேட்டபோது என் மேலதிகாரி, சுறுசுறுப்பான ஓர் ஆங்கிலப் பெண்மணி, மடிக்கணினியில் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, உங்கள் அத்தான் ஒரு கவிஞர் என்று என்னிடம் சொன்னார். அதை நான் அத்தானிடம் சொன்னேன். அவர் அன்று டிராமில் இருந்து ஒரு தரிப்பு முந்தியே இறங்கி நடந்து வந்தாராம்.

படங்களைத் தெரிவு செய்ய ஒரு ஞாயிறு மத்தியானம் நான் மிச்சம் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு நிலையாக அச்சடித்து வரிசையில் வைத்தோம். பாதிக்கு மேல் இறக்கம்தான். ஏறுவதை இரண்டு படத்தில் சொல்லிவிடலாம், வழிவதை ஒன்றில் சொல்லலாம், இறங்குவதற்குத்தான் படங்கள் வேண்டும் என்று அத்தான் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தவள் மேசையைப் பார்த்தாள். அதற்கு முன் அவள் ஐகனைப் பார்த்ததில்லை. பாலை வைத்து ஏதோ செய்கிறார் என்று மட்டும் தெரியும். நின்றபடியே முதல் படத்தில் இருந்து கடைசிப் படம்வரை பார்த்துக்கொண்டு போனாள். தட்டை வைத்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்தத் துண்டை வைச்சிருந்தனீங்களே?" என்றாள்.

அத்தான் மேசையில் கோணிக் கிடந்த படமொன்றை நேராக்கினார்.

"இவ்வளவு காலமும் வைச்சிருந்தனீங்கள்."

"அழிக்க மனம் வரேல்லை" என்றார் அத்தான். "அண்டைக்கு நாங்கள் மூண்டுபேரும் அந்தக் குசினிக்கை நிண்டனாங்கள்."

அந்த மூன்றாவது ஆள் யார் என்று எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. அக்கா அழவில்லை. கையை நீட்டி, பால் இறங்குகிற படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். ஏறுகிற படங்களையும் வழிகிற படத்தையும் தொடவில்லை. "அடங்கின பாலைக் கொண்டுபோய் அரசாங்கத்திலை பதிஞ்சு வைக்காதேங்கோ" என்றாள். "வீட்டிலை நடந்தது வீட்டோடை போகட்டும். உங்கட பேரையும் போட்டு, அதுக்குக் கீழை அந்தப் பாலையும் போட்டு, என்னத்துக்கு? பொங்கினதைப் பதியுங்கோ. அது போதும்."

பதிவு அலுவலகத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இறக்கம் இல்லாவிட்டால் பதிவில் பாதி இல்லை, நாளைக்கு யாராவது இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எங்களால் ஒன்றும் செய்யேலாது என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். "எடியே, அடங்கிப்போன பாலை ஆர் களவெடுப்பான்" என்று கேட்டாள். அவளுடைய பக்கத்தில் நின்று பார்த்தால் அது நியாயமான கேள்விதான். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கவிழ்ந்து கிடந்த படங்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி அடுக்கினார். "விடும் மச்சாள். பொங்கிறதை மட்டும் போடும்" என்றார். அக்காவிடம் திரும்பி, "அதையெல்லாம் அழிச்சுப்போடுறன்" என்றார். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுக் கணினியில் ஓடியது, ஏறி வழிகிற பால் மட்டும்தான். அக்கா அதைத்தான் இவருடைய ஐகன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். பால் அடங்குகிற முழு ஐகன் அவருடைய மடிக்கணினிக்குள் இருந்தது.

பதிவுச் சான்றிதழ் வந்த நாளில் எனக்குக் கூட ஒரு நிம்மதி வந்தது. அதில் அத்தானின் முழுப்பெயர், அப்பா பெயரோடு, அச்சில் இருந்தது. அவர் அதை வாங்கி நெடுநேரம் வாசித்தார். அவ்வளவு வாசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அக்கா அதைச் சட்டம் போட்டுச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் கொளுவி, கண்ணாடியின் மூலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குக் காட்டுகிற கற்பூரம் அதற்கும் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வரும். சட்டத்துறையில் யாருக்கும் கிடைக்காத மரியாதை என்று அத்தானைப் பகிடி பண்ணுவேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "இப்ப அது என்ரை தானே" என்பார். என்னிடம் அதை உறுதிப்படுத்திக் கேட்பதுபோல் இருக்கும். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன்.

பதிந்தாயிற்று என்ற தைரியத்தில், உணவகங்களில் இருந்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்கு அவர் தன் ஐகனைக் கொண்டுபோனார். தங்கள் செயலிக்குப் புதுப் படங்கள் வேண்டும், கீறுகிறவர்கள் வந்து காட்டலாம் என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். கலியாண வீடுகளுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வெளியே வந்து போனில் என்னிடம் சொன்னபோது குரலில் அப்படியொரு சந்தோசம். எல்லோரும் சின்னப் பெடியளும் பெட்டைகளுமாம். நல்ல மரியாதையாம். முழுவதையும் போட்டுக் காட்டினாராம். "அந்த இறங்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டதுகள் மச்சாள். ஒருத்தி சொல்லிச்சுது, இதைப் பாத்தால் பசி கூட மறந்துபோகுமாம்." நான் அப்போது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருந்தேன். அதை அப்படியே மூடிவைத்தேன். ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்களா, நீங்கள் வாங்கினீர்களா என்று கேட்டேன். "ஏன், பதிஞ்சு தானே கிடக்கு" என்றார்.

அடுத்த வசந்தத்தில் அந்தச் செயலியில் பால்சட்டி வந்தது. ரயிலில் எனக்கு முன்னால் இருந்த ஒருத்தியின் கைப்பேசியில்தான் முதலில் கண்டேன். சட்டியின் நிறம் வேறு. கைபிடி வேறு. பால் ஏறி, நடுங்கி, குழிந்து, இறங்கியது. ஓரத்தில் ஒரு குமிழ் தாமதமாக இறங்கியது. நான் அந்தப் பெண்ணின் கைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அவள் போனைத் திருப்பிக்கொண்டாள். அவர்களுடைய பால் வழிவதே இல்லை. ஏறுவதும் அடங்குவதும் மட்டும்தான். சாப்பாடு வந்ததும் சட்டி மறைந்துவிடும்.

அத்தானை என் மேலதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மேசையில் எங்கள் பதிவுப் படங்களை வரிசையாக வைத்தார். பக்கத்தில் கைப்பேசியில் அவர்களுடையதை ஓடவிட்டார். ஒன்றில் இருந்து மற்றதற்குப் பார்வையைக் கொண்டுபோய் வந்தார். இது கீழே போகிற படங்கள் எங்கே என்று கேட்டார். நான் முன்பு இந்தக் கோப்பைக் கொடுத்தபோது, வாடிக்கையாளரின் விருப்பப்படி என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அவருக்கு அதன் காரணம் தெரியாது. நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, அது தேவையில்லை என்று நினைத்தோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதுதான் இதில் எல்லாமே என்றார் என் மேலதிகாரி. குரலில் கோபம் இல்லை, விளங்காமைதான் இருந்தது. அவருக்கு நான் எதைச் சொல்லி விளங்கவைப்பேன்? ஒரு குசினி, ஒரு அலாரம், ஒரு நல்ல மனம்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் என்று தொடங்கவேண்டும். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனாலும் என் மேலதிகாரி அந்தச் சாப்பாட்டு நிறுவனத்துக்கு எழுதினார். பதில் சுருக்கமாக வந்தது. பதியப்பட்டிருப்பது பொங்கி வழியும் பால், தங்களுடையது வழிவதே இல்லை, ஆகவே இரண்டும் வேறு வேறு என்று எழுதியிருந்தார்கள். அதோடு, பால் ஏறி இறங்குவது உலகத்தில் எல்லா அடுப்பிலும் நடப்பது, அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றும் ஒரு புத்திமதி. இன்னொரு வழி இருக்கிறது என்றார் என் மேலதிகாரி. பதிவை விட்டுவிடலாம். இவர் முழுவதையும் முதலே கீறியிருந்தார், இவர்கள் அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். ஆனால் முதல் கேள்வியே, உன்னிடம் இருந்திருந்தால் ஏன் பதிவில் சேர்க்கவில்லை என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லவேண்டிவரும். படங்களைத் தெரிவு செய்தபோது வீட்டில் இருந்தவர்கள் வந்து சாட்சி சொல்லவேண்டிவரும். உங்கள் மனைவி வருவாரா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது மோர்டன் ரயிலில் எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. அத்தான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஸ்டொக்வெல் நிலையம் தாண்டியது. பிறகு, "வேண்டாம் மச்சாள்" என்றார். நான் சண்டைக்குப் போனேன். எனக்குச் சண்டை பிடிக்க வேறு யாரும் அங்கே இல்லை. உங்கள் வாழ்க்கையில் உங்கள் பெயரோடு இருந்த ஒரேயொரு பொருள், அதையும் தூக்கிக் கொடுக்கப்போகிறீர்களா என்று கேட்டேன். அக்கா ஒரு நாள் வந்து இரண்டு வசனம் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்றேன்.

"அவள் வந்து சொல்லுவாள்" என்றார் அத்தான். "சொல்லிப்போட்டு வீட்டை வந்து யோசிப்பாள். பிள்ளை போனதுக்கும் அந்தப் பால்தான், இது போனதுக்கும் அந்தப் பால்தான் எண்டு. முந்தினது பாலாலை. இது தன்னாலை எண்டு. அதோடை அவளாலை இருக்கேலாது. என்னாலையும் பாத்துக்கொண்டு இருக்கேலாது." கோட்டை மறுபடி மடித்துக்கொண்டு, "அக்காவுக்குச் சொல்லாதையும். அவையள் பெரிய ஆக்கள், வெல்லேலாதாம் எண்டு நான் சொல்லுறன்" என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

அக்கா அந்த நிறுவனத்தை நல்லாய்த் திட்டினாள். கள்ளர் கூட்டம், உருப்படமாட்டுதுகள் என்று சாமியறையில் நின்று சொன்னாள். அவர்கள் உருப்படாமல் போகவில்லை. அடங்குகிற பால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பலர். கொஞ்சக் காலத்தில் யாரும் எடுத்துப் பாவிக்கிற பொதுப் படங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. மருந்துக்கடையின் இணையப்பக்கத்தில் கண்டேன், நூலகத்தின் இணையப்பக்கத்தில் கண்டேன். அக்கா பழைய பொத்தான் போன் வைத்திருந்தவள். இவை ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. பாலை எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பாலை என்று தெரியாது.

அத்தான் கீறுவதை விட்டுவிட்டார். கேட்டால் கண் சரியில்லை என்பார். படம் பிடிக்க மட்டும் போய்வந்தார். தொடக்கத்தில் ஓடுகிற மயிலுக்குப் பதிலாக எங்கோ வாங்கிய பொதுப் பூக்களைப் போட்டார், யாரும் குறை சொல்லவில்லை. நோர்பரியில் ஒரு கலியாணத்தில் நானும் இருந்தேன். மாப்பிள்ளைப் பையன், இங்கே பிறந்து வளர்ந்தவன், மேடையால் இறங்கி வந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டு அத்தானுக்குப் பக்கத்தில் நின்றான். திரையில் பால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தான் குனிந்து பார்த்து, "உது நான் கீறினது தம்பி" என்றார். அவன் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டு, "ரியலி அங்கிள்? நைஸ்" என்று அவர் தோளில் தட்டினான். வயதுபோன மனிதர்கள் எதையாவது சொன்னால் தட்டுவதுபோல. அத்தானும் சிரித்தார். பிறகு எந்தத் திரையில் அந்தச் சட்டி வந்தாலும் அவர் அண்ணாந்து முகட்டைப் பார்க்கத் தொடங்கினார். வந்து முடிந்ததா என்று பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டுவிட்டுத்தான் தலையைக் குனிவார். இதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நான் அந்தக் குடும்பத்தில் பிறந்திருக்கவே வேண்டாம் என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

நானும் அந்த வேலையை விட்டேன். இப்போது வேறு இடத்தில், வேறு வேலை. சான்றிதழ் இன்னும் சாமிப்படங்களோடுதான் தொங்குகிறது. பதிவைப் புதுப்பிக்கவேண்டிய காலம் வந்தபோது அத்தான் புதுப்பிக்கவில்லை. அந்தத் தாள் ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தும் அக்காவின் கற்பூரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

போன மாசியில், படப்பிடிப்புக்குப் போக வெளிக்கிட்டுக் கமெராப் பையைக் காரில் வைத்துவிட்டு, திரும்பி வந்து வாசற்படியில் இருந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். சுடலைக்கு எல்லோராலும் வரமுடியாது. யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிறவர்கள் பார்ப்பதற்கு, ஈமக்கிரியையை இணையத்தில் நேரடியாகக் காட்ட மண்டபத்தில் ஒழுங்கு இருந்தது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைப் படம்பிடித்த மனிதரை மண்டபத்தின் சுவரில் பூட்டிய கமெரா பிடித்தது. நான் அக்காவுக்குப் பக்கத்தில், முன்வரிசையில், இணைப்புச் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக மடியில் ஒரு டப்லெட்டை வைத்துக்கொண்டு இருந்தேன். பெட்டி முன்னால் திறந்திருந்தது. கிரியை தொடங்க நேரம் இருந்தது. திரை வெள்ளையாக வந்தது, அதன் நடுவில் சட்டி வந்தது.

டப்லெட்டை மூடப் போனேன். மூடவும் ஏலவில்லை. மூடினால் அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அவர்களுக்கும் அதே சட்டிதான் தெரியும். உலகத்தின் எத்தனையோ வீடுகளில் அத்தானின் சொந்தக்காரர்கள் அழுத கண்ணோடு அந்த நேரம் அவருடைய பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவருடையது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏறியது, நடுங்கியது, குழிந்து இறங்கியது. ஒரு குமிழ் தாமதமாக இறங்கியது.

அக்காவின் கையில் என் போன் இருந்தது. ஜெர்மனியில் இருக்கும் அத்தானின் மாமி, அவரை அங்கே வைத்துப் பார்த்தவர், இணைப்பு வரவில்லை என்று எடுத்திருந்தார். காது கேளாத மனிசி, கத்திப் பேசுவார். ஒலிபெருக்கியில் போடாமலே எனக்கும் கேட்டது.

"பிள்ளை, இஞ்சை ஒண்டும் தெரியேல்லையடி. ஒரு பால்சட்டிதான் நிக்குது. செத்தவீட்டிலை ஆரடி பால் வைச்சது? அதுவும் பொங்குதும் இல்லை. வந்து வந்து அடங்குது. அறிவுகெட்டவன் ஆரோ செய்திருக்கிறான்."

அக்கா என் மடியில் இருந்த திரைக்குக் குனிந்தாள். முழுவதும் ஒருதரம் ஏறி இறங்கும்வரை பார்த்தாள். அந்த ஞாயிறு மத்தியானம் மேசையில் கவிழ்த்து வைத்தவற்றை அவள் இதில் அடையாளம் காண்பாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் கண்டுகொள்ளட்டும் என்றும் இருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, களைத்த குரலில், சந்தேகம் எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"உது ஆரோ செய்தது மாமி. இவரின்ரை பால் பொங்கி வழியும். உது வேறை."

அந்தச் சாப்பாட்டு நிறுவனம் எழுதிய பதிலில் இருந்ததும் அதுதான். அத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் படுத்திருந்தார். நான் கொடுத்த வாக்கின்படி வாயைத் திறக்காமல் இருந்தேன்.